ஒலி எழுப்பும் அலங்காரப் பொருள்

இடுப்பு வலி உத்திராபதிக்கு மூட்டைக் கணக்கில் வரும். அறுபது மூட்டை வரை வலது பக்கம். அதற்கு மேல் இடது பக்கம். நூறைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து முதுகுத்தண்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்று நூற்றுப் பதினாலு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கடலூர் ஓ.டி. கூட்ஸ் ஷெட்டிலிருந்து வீடு வரை நடந்து வந்தவன் குடிசை வாசலில் குனிய முடியாமல் நின்றான். குனியாதவனை அந்த வாசல் உள்ளே விடாது. அவன் பெண்சாதி இருசம்மாள் வந்து, அவன் தலையைக் கையால் அமுக்கி உள்ளே தள்ளினாள். பத்து வருஷமாக அப்படித்தான்.

உட்காரவும் முடியாது. மண் தரையில் மல்லாந்து படுத்து, கிராமபோன் பாட்டுப் பெட்டியைக் காதருகில் இழுத்துச் சாவி கொடுப்பான். கடையில் விற்கிற இரும்பு ஊசியை அவன் போடுவதில்லை. இரும்பு தட்டின் கோட்டைத் தின்னும். கருவேல முள்ளை நிழலில் உலர்த்தி, நுனியை உப்புத்தாளில் தேய்த்து, ஊசி மாட்டுகிற இடத்தில் செருகுவான். சத்தம் பாதிதான் வரும். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரன் அந்த நூற்றுப் பதினாலு மூட்டையைத் தூக்கவில்லை, அவனுக்கு ஏன் கேட்க வேண்டும்.

அறுபத்து நாலு தட்டு இருந்தது. கூட்ஸ் ஷெட்டில் ஆள் வராமல் கிடந்த பார்சல்களின் ஏலத்தில் கொஞ்சம், பாண்டிச்சேரி காயலான் கடையில் கொஞ்சம், குறிஞ்சிப்பாடிச் சந்தையில் கொஞ்சம். பதினாலு வருஷம் டீ குடிக்காமல் சேர்த்தது.

அதில் ஒன்றை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை, தை அமாவாசை அன்று போடுவான். அது நாதஸ்வரத் தட்டு. வாசித்தவர் பேரும் தவில்காரர் பேரும் நடுக் காகிதத்தில் அச்சாகியிருக்கும். ஒத்து ஊதியவர் பேர் இருக்காது. நாதஸ்வரத்துக்குக் கீழே ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற குழல்தான் ஒத்து. வாசிக்கிறவர் எங்கே போனாலும் திரும்பி வந்து சேர அது நிற்க வேண்டும். அந்தத் தட்டில் நின்றவர் உத்திராபதியின் அப்பா வைத்திலிங்கம்.

பட்டணத்தில் பதிவு முடிந்து திரும்பிய அன்று அவர் சொன்னது இவனுக்கு நினைவிருக்கிறது. "மெஷினுக்குக் கேக்கணுமேன்னு கொஞ்சம் கிட்டப் போயி நின்னேன்டா. ஒருத்தன் வந்து தோளப் புடிச்சி செவுத்தோரமா தள்ளிட்டான்." அதனால் அந்தச் சுருதி மெலிந்துதான் கேட்கும். ஒத்துக்காரரின் பங்கில் குடும்பம் நடக்காது. பிள்ளை பதின்மூன்று வயதில் மூட்டைக்கு அடியில் போனான். நாலு வருஷத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது தட்டில் மூன்று நிமிஷம். முள்ளாகவே இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் தன் ஆயுளுக்கு வரும் என்று உத்திராபதி நினைத்திருந்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில் தெருவில் பதினோரு குடிசை எரிந்தது. காற்று திரும்பியதால் பன்னிரண்டாவது தப்பியது. பன்னிரண்டாவது உத்திராபதியுடையது. எல்லாரும் பானையும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் தட்டுகள் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"நான் உள்ள நிக்கறேன், பிளேட்டு வெளிய நிக்குது" என்று இருசம்மாள் தெருவுக்கே சொன்னாள். "கட்டினவள வுட்டுட்டு எவனாவது பாட்டுத் தட்ட தூக்கினு ஓடுவானா?"

மறுநாள் லியாக்கத் அலி வந்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அந்த வருமானம் போதாமல் கெடிலம் ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜென்டாகவும் இருந்தான். உத்திராபதியோடு சேர்ந்து பாட்டுக் கேட்கிற ஒரே ஆளும் அவன்தான்.

"மாமா, பெட்டியத் தூக்கினு ஓட இடுப்பு வேணும். அடுத்த தபா ஒன்னால முடியுமா? இன்சூர் பண்ணிடு."

"எரிஞ்சா உங்க கம்பெனிக்காரன் எங்க அப்பாவத் திருப்பிக் குடுப்பானா மாப்ள?"

"காசு குடுப்பான்."

"காச காதுல வச்சிக் கேக்கறதா?"

லியாக்கத் கொஞ்சம் யோசித்தான். "முக்கியமான சாமான்னு எழுதிக் குடுத்தா தீப்புடிக்காத இரும்புப் பெட்டி ஒண்ணு கம்பெனியே குடுக்கும் மாமா. உள்ள வச்சிப் பூட்டிட்டா ஊரே எரிஞ்சாலும் தட்டுக்கு ஒண்ணும் ஆவாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கும் இந்த வருசம் ரெண்டு பாலிசி கொறையுது. புடிக்கலேன்னா ஏஜென்சியப் புடுங்கிடுவாங்க. வூட்டுல சர்புன்னிசாவுக்கு ஒம்போதாவது மாசம்."

உத்திராபதிக்கு இரும்புப் பெட்டி வேண்டியிருந்தது. சம்மதித்தான்.

மனு பதினாலு பக்கம். லியாக்கத் அதைத் தமிழில் படித்துச் சொன்னான்.

"கட்டடத்துல கொதிகலன் உண்டா?"

"சோத்துப் பானை இருக்குது" என்றாள் இருசம்மாள்.

"குதிரை உண்டா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "ஒண்ணு இருக்குது. நொண்டி. தோ, படுத்துக் கெடக்குது."

"சேகரிப்பின் நோக்கம். நாலு கட்டம் போட்டிருக்கான் மாமா. வியாபாரம், வழிபாடு, ஆராய்ச்சி, அலங்காரம்."

"கேக்கறதுக்குன்னு போடு."

"அந்தக் கட்டம் இல்ல."

"அப்ப நான் எதுக்கு வச்சிருக்கேன்?"

"அதத்தான் அவங்களும் கேக்கறாங்க." லியாக்கத் அலங்காரத்தில் கோடு போட்டான். மற்ற மூன்றுக்கும் கட்டணம் ஜாஸ்தி.

கம்பெனியின் கிளை திருப்பாப்புலியூரில் ஒரு ஓட்டலுக்கு மாடியில் இருந்தது. கிளை மேனேஜர் ராஜமாணிக்கம் மனுவைப் படித்துவிட்டு உத்திராபதியின் தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தைப் பார்த்தார்.

"மூட்டை தூக்கறவன்கிட்ட அறுபத்து நாலு தட்டு எப்படிய்யா வந்துச்சு?"

"தூக்கினதாலதாங்க வந்துச்சு."

"அலங்காரம்னு போட்டிருக்கே. சுவத்துல மாட்டி வச்சிருக்கியா?"

"தகரப் பெட்டிலங்க."

"பெட்டிக்குள்ள கெடக்கறது எப்படி அலங்காரம்?"

"அது பாடுங்க."

ராஜமாணிக்கம் ஒரு தடித்த புஸ்தகத்தை எடுத்து விரலை நக்கி நக்கிப் புரட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. கீழே ஓட்டலில் வடை போடுகிற வாசனை வந்தது.

"கெடச்சுது. பிரிவு ஏழு. 'ஒலி எழுப்பும் அலங்காரப் பொருள்.' கோயில் மணி, மோட்டார் ஹாரன், சுவர்க் கடிகாரம் எல்லாம் இதுலதான் வருது. சத்தம் எவ்வளவு தூரம் கேக்குதோ அதுக்குத் தக்கபடி மதிப்பு. முப்பதடி கேட்டா முழு மதிப்பு. இருபதடின்னா முக்கால். பத்தடின்னா அரை."

"காதுக்குக் கிட்ட மட்டும் கேட்டா?"

"அது வியாதி. அதுக்கு வேற கம்பெனி."

குடிசைக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று லியாக்கத் கேட்டான். கூரை வீடு எரியக்கூடியது, எரியக்கூடியவற்றுக்குக் கம்பெனி தீக்காப்பு தருவதில்லை என்று ராஜமாணிக்கம் விளக்கினார். தட்டுகளுக்குத் தரலாம், அவை எரியுமா என்பது பற்றிப் புஸ்தகத்தில் ஒன்றும் இல்லை.

ஆடி மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை நடந்தது. ராஜமாணிக்கம் நாற்காலியோடு வந்தார். கூட வந்த பியூன் தங்கராசு டேப்பைப் பிடித்துப் பத்தடி, இருபதடி, முப்பதடியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒவ்வொரு தட்டும் இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கமும் மூன்று தூரம். தங்கராசு கோட்டில் நின்று, கேட்டால் கை தூக்க வேண்டும். அவருக்கு இடது காது மந்தம். ஆனால் கேட்கும் பொறுப்பு சர்வீஸ்படி மூத்த பியூனுக்குத்தான்.

உத்திராபதி முள்ளைச் செருகிப் போட்டான். பத்தடியில் தங்கராசு கை தூக்கவில்லை. ராஜமாணிக்கம் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, முள்ளு?"

"இதாங்க தட்டுக்கு நல்லது. தேயாது."

"அங்கீகாரம் இல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய தகர டப்பியை எடுத்தார். உள்ளே இரும்பு ஊசி ஒன்று இருந்தது. "கம்பெனி ஊசி. இதுல போடு."

"இரும்பு ஊசின்னா பக்கத்துக்கு ஒண்ணு மாத்தணுங்க. நுனி மழுங்கிடும்."

"மாத்தறதா? கிளைக்கு ஒரு ஊசிதான் சாங்ஷன். போன வருசம் நெல்லிக்குப்பத்துல ஒருத்தருக்கு இதுலதான் பார்த்தோம். பாரு, இன்னும் வெள்ளையா இருக்குது."

அந்த ஊசி இறங்கியதும் தட்டு அலறியது. தெருக் கூட்டம் கூடிற்று. முப்பதடியில் தங்கராசு கை தூக்கினார். ராஜமாணிக்கம் முழு மதிப்பு என்று எழுதினார். உத்திராபதி தட்டைக் கையில் வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தான். கோட்டுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

"என்னத்தப் பாக்கற?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். "நான் சங்கீதம் தெரிஞ்சவன் இல்ல. அதனாலதான் இந்தப் பொறுப்ப என்கிட்டக் குடுத்திருக்காங்க. தெரிஞ்சவன் வந்தா ஒரு தட்டு ஒசத்தி, ஒரு தட்டு மட்டம்னு சொல்லுவான். அங்கதான் ஊழல் வருது. எனக்கு எல்லாத் தட்டும் ஒண்ணு. ஒரு தட்டும் எனக்குப் புடிக்காது. நியாயம்னா இப்படித்தான் இருக்கணும்."

நாலாவது ஞாயிறு சாயங்காலம் அறுபத்து மூன்று முடிந்தது. கடைசித் தட்டை உத்திராபதி தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது மட்டும் வேணாங்க."

"ஏன்?"

"இத வருசத்துக்கு ஒரு தபாதான் போடறது."

ராஜமாணிக்கம் நாலு ஞாயிற்றுக்கிழமையில் முதல் முறையாக ஆர்வம் காட்டினார். "அவ்வளவு முக்கியமானதா?"

லியாக்கத் பின்னாலிருந்து கைகளைச் சதுரமாகக் காட்டினான். இரும்புப் பெட்டி. உத்திராபதி அதைப் பார்த்தான்.

"முக்கியந்தாங்க. இருக்கறதுலயே அதுதான் முக்கியம்."

"அப்படின்னா இங்க வச்சிப் பாக்கக் கூடாது. சிறப்புப் பொருள். சிதம்பரத்துல டிவிஷன் ஆபீசுல நிபுணர் பாக்கணும்."

புரட்டாசியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உத்திராபதி பாசஞ்சரில் சிதம்பரம் போனான். தட்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் துண்டால் கட்டியிருந்தான். பெஞ்சில் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் வைத்தால் வண்டி குலுக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று எல்லா ஸ்டேஷனையும் நின்றபடியே பார்த்தான். லியாக்கத் பக்கத்தில் நின்று அவன் இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தான்.

டிவிஷன் ஆபீஸ் மேல வீதியில் இருந்தது. டிவிஷன் அதிகாரி சுப்பராயலு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவர் மனுதாரர்களிடம் முதலில் ஐந்து நிமிஷம் பேசுவது வழக்கம்.

"இன்சூரன்ஸ்னா என்ன? நம்பிக்கை. இந்தக் கம்பெனி முழுக்க முழுக்க நம்பிக்கையிலதான் நடக்குது. அதனாலதான் நாங்க யாரையும் நம்பறதில்ல. நம்பினா நம்பிக்கை செலவாயிடும். இருபத்திரண்டு வருசத்துல இந்த டிவிஷன்ல ஒரே ஒரு நஷ்ட ஈடுதான் குடுத்திருக்கோம். அதுவும் தப்பா குடுத்தது. திருப்பி வாங்கிட்டோம். அவ்வளவு பத்திரமான கம்பெனி. நீ குடுத்து வச்சவன்."

"சரிங்க. அந்த இரும்புப் பெட்டி..."

"வரும். மொதல்ல நிபுணரப் பாரு."

நிபுணர் ராமாமிர்தம் உள்ளறையில் இருந்தார். இசைப் பொருள் மதிப்பீட்டுக்கு மாற்றலாகி வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் அரிசி மில் கொதிகலன்களை மதிப்பிட்டவர். எதையும் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். தட்டையும் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு ஆபீஸ் பாட்டுப் பெட்டியில் வைத்து இரும்பு ஊசியை இறக்கினார்.

நாதஸ்வரம் ஆபீஸ் முழுக்க எழுந்தது. அதற்குக் கீழே, சுவரோரத்திலிருந்து, அந்த ஒற்றைச் சுருதி. உத்திராபதி கண்ணை மூடிக்கொண்டான். தை மாதத்தில் இல்லாமல் புரட்டாசியில் அப்பாவைக் கேட்பது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மூன்று நிமிஷம் முடிந்ததும் ராமாமிர்தம் முகத்தைச் சுளித்தார்.

"அடியில ஊம்முனு ஒரு இரைச்சல் இருக்குதே."

"அது இரைச்சல் இல்லீங்க. ஒத்து. எங்க அப்பா ஊதறாரு."

"காகிதத்துல பேர் இருக்கா?"

"ஒத்துக்காரர் பேர் போட மாட்டாங்க."

"கொதிகலன்ல இப்படி வந்தா என்னான்னு தெரியுமா? வால்வு கசியுது. உடனே நிறுத்திடணும்." எழுத ஆரம்பித்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது விதி. "குறைபாடு: தொடர் இரைச்சல். உரிமையாளர் இரைச்சலைத் தன் தகப்பனார் என்று கோருகிறார். ஆதாரம் இல்லை. முழு மதிப்பு மூன்று ரூபாய். இரைச்சலுக்குக் கழித்தது போக ஒரு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா."

"சரிங்க, எழுதிக்குங்க" என்று உத்திராபதி கையை நீட்டினான். "தட்டக் குடுங்க."

"இரு. அஞ்சு பிரதி வேணும். கார்பன் தீந்து போச்சு."

"பாத்து எழுதிக்கலாமே சார்?" என்றான் லியாக்கத்.

ராமாமிர்தம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாத்து எழுதினா அது நகல். பிரதின்னா ஒவ்வொண்ணும் நேராக் கேட்டு எழுதினதா இருக்கணும். நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா நான் பொய் சொல்றதா?"

மறுபடி ஊசி இறங்கியது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஒவ்வொன்றிலும் தகப்பனார் வரியை அவர் புதிதாகக் கண்டுபிடித்தது போலவே எழுதினார். ஐந்தாவது முடிந்தபோது காப்பி சாப்பிடப் போயிருந்த சுப்பராயலு திரும்பி வந்து, மேலொப்பம் போடுகிறவர் கேட்காமல் எப்படிப் போடுவது என்றார். ஆறாவது.

உத்திராபதி சுவரில் சாய்ந்து நின்றான். இடுப்பு எரிந்தது. ஒரே மத்தியானத்தில் ஆறு வருஷம் போயிற்று. இரும்பில் அது எத்தனை வருஷம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த மறுநாளே திருப்பாப்புலியூர் மாடிக்குப் போய், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொன்னான்.

"வேணாம்னா விட்டுடலாம்" என்றார் ராஜமாணிக்கம். "யாரையும் நாங்க கட்டாயப்படுத்தறதில்ல. விலகல் பரிசோதனை மட்டும் பண்ணிடணும். அறுபத்து நாலும், ரெண்டு பக்கம், மூணு தூரம்."

"எதுக்குங்க?"

"நீ எடுத்துட்டுப் போறது நாங்க பார்த்த அதே தட்டுதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

உத்திராபதி விலகவில்லை.

சிறப்புப் பொருளுக்கு மாதாமாதம் பரிசோதனை உண்டு. ஐப்பசியில் வந்தார்கள். கார்த்திகையில் மழையில் குடையோடு வந்தார்கள். சத்தம் கேட்கவில்லை என்று தங்கராசு கையை ஆட்டினார், மறுபடி போட்டார்கள். இரும்புப் பெட்டி எப்போது வரும் என்று லியாக்கத் ஒவ்வொரு தடவையும் கேட்டான். பெட்டி சாங்ஷன் ஆக, பொருள் பத்திரமாக இருப்பதாக மூன்று மாதாந்திர அறிக்கை வேண்டும் என்று பதில் வந்தது. மார்கழியில் ராஜமாணிக்கம் தன் மச்சினரை அழைத்து வந்தார். மச்சினருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். அவர் தரையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். பரிசோதனை ரிஜிஸ்தரில் அது 'மறு உறுதி' என்று பதிவாயிற்று.

"கூலி வாங்கிக்கய்யா" என்றாள் இருசம்மாள், அவர்கள் போன பிறகு. "ஊரு சனத்துக்கெல்லாம் கச்சேரி வைக்கற."

உத்திராபதி தட்டைத் துண்டில் துடைத்தான். துண்டில் சாம்பல் ஒட்டியது.

தை அமாவாசை அன்று கூட்ஸ் ஷெட்டில் வேலை குறைவு. எழுபது மூட்டைதான். உத்திராபதி குளித்துவிட்டு, முந்தின நாளே தேய்த்து வைத்திருந்த முள்ளை எடுத்துச் செருகினான். படுத்தான். பெட்டியைக் காதோடு ஒட்டி இழுத்தான்.

இருசம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "என்னா சத்தம் அது? மழையா?"

"இல்ல."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து நின்றாள். பெட்டியிலிருந்து ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கு உள்ளே எங்கேயோ நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை.

"மாமா எங்க?" என்றாள்.

அவள் அந்த மாமனாரைப் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்தபோது அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தட்டில்தான் அவளுக்கும் பழக்கம். தரையில் உட்கார்ந்து, குனிந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் தன் காதை வைத்துப் பார்த்தாள். மூன்று நிமிஷம் முடிந்து தட்டு நிற்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள். 

லியாக்கத் வந்தபோது அவன் அப்படியே படுத்திருந்தான். லியாக்கத் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

"நான்தான் மாமா ஒன்ன இதுல இழுத்து வுட்டேன்."

"நீ என்னா பண்ணுவ. ஒனக்கு ரெண்டு பாலிசி கொறஞ்சுது."

"நஷ்ட ஈடு கேட்டு எழுதறேன். வுடப் போறதில்ல. என்னான்னு எழுதறது? களவா, தீயா?"

"எங்க அப்பாவக் காணோம்னு எழுது."

லியாக்கத் அப்படியே எழுதினான். பதினைந்து நாளில் டிவிஷனிலிருந்து பதில் வந்தது. காணாமல் போனவர் தகப்பனார் எனில் போலீஸ் சான்று வேண்டும். இறந்தவர் எனில் இறந்த தேதி வேண்டும். லியாக்கத் தேதி எழுதி அனுப்பினான். தகப்பனார் பாலிசி எடுப்பதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே இழக்கப்பட்டுவிட்டதால் இது பாலிசிக் காலத்துக்கு முந்தைய இழப்பு என்றும், இருந்தாலும் மனிதாபிமானத்தை முன்னிட்டு நிபுணர் நேரில் வருவார் என்றும் மறு பதில் வந்தது.

மாசியில் ராமாமிர்தம் சிதம்பரத்திலிருந்து வந்தார். குடிசைக்குள் தலையை இடித்துக்கொண்டு நுழைந்தார். தட்டை விரலால் தட்டிப் பார்த்தார். இரும்பு ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"போயிடுச்சே" என்றார்.

"ஆமாங்க" என்றான் உத்திராபதி. "போயிடுச்சுங்க."

"அடியில ஊம்முனு இருந்துதே, சுத்தமா போயிடுச்சு. நான் அன்னிக்கே சொன்னேன், வால்வு கசியுதுன்னு. என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. நீங்கதான் போட்டுப் போட்டுக் கேட்டீங்க."

"அதான் பராமரிப்புங்கறது."

"சார், உஸ்ஸுனு ஒரு சத்தம் வருதே, அது?" என்றான் லியாக்கத்.

"அது ஆவிச் சத்தம். அது வந்தா மெஷின் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். பதினெட்டு வருசம் கேட்டிருக்கேன்." ராமாமிர்தம் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நஷ்டம்னு எழுதினீங்களே, எங்கய்யா நஷ்டம்? ஒரு ரூபா இருபத்தஞ்சு பைசா சாமான் இன்னிக்கு மூணு ரூபா சாமான். இந்த டிவிஷன்லயே இன்சூர் பண்ணின பிறகு மதிப்பு ஏறின பொருள் இது ஒண்ணுதான். மேலிடத்துக்கு இதப் பத்தி எழுதப் போறேன்."

உத்திராபதி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கை. மூட்டை தூக்காத கை. ஒரு தடவையாவது அந்தக் கழுத்தில் ஒரு மல்லாட்டை மூட்டையை ஏற்றிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இடுப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அப்பா சத்தந்தாங்க அது" என்று மட்டும் சொன்னான்.

ராமாமிர்தம் தலையை ஆட்டினார். "சிலருக்கு அப்படித் தோணும். மில்லுல ஒரு டிரைவர், பழைய பாய்லர அம்மாங்கறான்."

இந்தத் தடவை கார்பன் இருந்தது. அதனால் ஒரு தடவைதான் போட்டார்.

பங்குனியில் இரும்புப் பெட்டி வந்தது. கூட்ஸ் ஷெட்டுக்குத்தான் வந்தது. உத்திராபதியே அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரண்டு மூட்டைக் கனம் இருந்தது. வாசலில் இருசம்மாள் ஒரு கையால் அவன் தலையையும் ஒரு கையால் பெட்டியையும் அமுக்கி உள்ளே விட்டாள். நல்ல பெட்டிதான். இரட்டைத் தகடு, நடுவில் கல்நார், பித்தளைப் பூட்டு. லியாக்கத் தீக்குச்சி கிழித்து வெளியில் வைத்துப் பார்த்தான். உள்ளே சூடு ஏறவில்லை. தட்டு கச்சிதமாக உள்ளே போயிற்று. பூட்டினார்கள். இனி தெரு முழுக்க எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பெட்டியோடு ஒரு கடிதம் இருந்தது. லியாக்கத் படித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மாமா, இத நான் கட்டிடறேன்."

"படி."

உயர்ந்த மதிப்புக்குக் கூடுதல் பிரீமியம் பன்னிரண்டு நயா பைசா. குறைபாடு நீங்கியதற்கான சான்றிதழ்க் கட்டணம் இரண்டு ரூபாய் ஐம்பது. இரும்புப் பெட்டிக்கு ஒரு வருஷ வாடகை ஆறு ரூபாய்.

"நீ கட்ட வேணாம்" என்றான் உத்திராபதி. "ஒனக்குப் புள்ள பொறந்திருக்குது." தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டான். வலி அன்றைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. பாட்டுப் பெட்டியை அவன் இழுக்கவில்லை.

கெடிலம் ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்திராபதி இன்னும் தர வேண்டியது எட்டு ரூபாய் அறுபத்திரண்டு நயா பைசா.